சிப்காட் முதல் பிச்சாவரம் வரை... உப்பனாற்றங்கரையில் ஒரு சைக்கிள் பாதை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு நினைவில் நிற்பவை இரண்டுதான். ஒன்று, முதுநகரைத் தாண்டியதும் சில நாள்களில் மூக்கைப் பொத்த வைக்கும் சிப்காட் நெடி. மற்றொன்று, தூரத்தில் தெரியும் சிதம்பரம் கோபுரம். இரண்டுக்கும் நடுவே, சாலைக்குக் கிழக்கே, ஓர் உலகமே இருக்கிறது. உப்பனாறு, அதற்கு அப்பால் மணல்மேடு, சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, மீனவர் குப்பங்கள், வெள்ளாற்று முகத்துவாரம், கடைசியில் பிச்சாவரத்துத் திட்டுகள். பேருந்துச் சன்னலில் இது தெரியாது. சைக்கிளில் போனால்தான் தெரியும்.

சுமார் 60 கிலோமீட்டர் பாதை. மேடு பள்ளம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிளே போதும். அவசரப்படாமல் இரண்டு நாளில் முடிக்கலாம். ஒரு விவசாயக் குடும்பம் இந்தப் பாதையில் போய் வந்தால், பிழைப்புக்கு உதவுகிற பாடங்கள் நான்கைந்து கையில் கிடைக்கும்.

ஸ்காட்லாந்துத் தீவுகளில் நடப்பது

பிரிட்டனின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்துக்கு அப்பால், வெளி ஹெப்ரிடீஸ் என்று ஒரு தீவுக்கூட்டம் உண்டு. அங்கே மக்கள்தொகை 26,000 அளவில்தான். மரங்கள் குறைவு, மழையும் காற்றும் அதிகம். அந்தத் தீவுகளின் தெற்கு முனையான வாட்டர்சேயில் தொடங்கி, வடக்கு முனையில் லூயிஸ் தீவின் கலங்கரை விளக்கம் வரை 297 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. 10 தீவுகள், அவற்றை இணைக்கும் 6 கடல் தாம்போதிகள், 2 படகுப் பயணங்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆள்கள் வருகிறார்கள். தனியாகப் போகிறவர்கள் உண்டு. வழிகாட்டியோடு சிறு குழுவாகப் போகிறவர்களும் உண்டு. குழுவாகப் போனால் மூட்டை முடிச்சு வேனில் வரும். வழிகாட்டி சைக்கிளில் கூடவே வருவார். ராத்திரி சிறிய விடுதியிலோ, விவசாயி வீட்டிலோ தங்கல்.

அங்கே அவர்கள் பார்ப்பது பெரிய கோட்டை கொத்தளம் அல்ல. கடற்கரையில் சிப்பி மணல் படிந்த புல்வெளி, அதில் மேயும் ஆடு மாடு, சிறு சிறு வயல், கரையில் ஒதுங்கிய கடற்பாசியை எருவாகப் போட்டு ஓட்ஸும் கம்புப்புல் போன்ற ரை தானியமும் விதைக்கும் குடியானவர்கள். சாலையோரத்தில் ஒரு பெட்டி, உள்ளே முட்டை, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. கடைக்காரர் யாரும் இல்லை. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

உப்புக் காற்று, மணல், சிறு நிலம், மாடு, மீன் ஆகியவை கடலூர்க் கடலோரத்திலும் இருக்கின்றன. ஆனால், அங்கே இல்லாத ஒன்று இங்கே பாதையின் தொடக்கத்திலேயே நிற்கிறது. அது சிப்காட் தொழிற்பேட்டை.

காடு என்று முடியும் ஊர்கள்

கடலூர் முதுநகரில் ஏறி மிதித்தால், சிதம்பரம் சாலையில் பச்சையாங்குப்பம் வரும். அங்கிருந்து தெற்கே சங்கொலிக்குப்பம் வரை நீளமாகக் கிடக்கிறது தொழிற்பேட்டையின் முதல் பகுதி. தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட், 1971-ல் தொடங்கப்பட்டது. கடலூரில் இந்தப் பேட்டை 1980-களில் வந்தது. ரசாயனம், மருந்து மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து என்று தண்ணீரைக் குடித்துக் கழிவைக் கக்குகிற தொழில்கள்தான் பெரும்பாலும் இங்கே வந்தன. பாதிப் பேட்டை சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவிலேயே அமைந்தது. கழிவு எங்கே போகும் என்பதை ஆற்றின் இருப்பிடமே சொல்லிவிடும்.

சுற்றியுள்ள ஊர்களின் பெயரைக் கவனிக்க வேண்டும். குடிகாடு, காரைக்காடு, ஈச்சங்காடு. இந்தப் பக்கத்தில் காடு என்றால் புன்செய்க் கொல்லை. கம்பும் கேழ்வரகும் மல்லாட்டையும் விளைந்த மண் என்று பெயரே சொல்கிறது. இன்று அந்த ஊர்களில் சில வீடுகளின் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரிவது புகைபோக்கி.

வேலை கிடைத்தது உண்மை. டீக்கடை, லாரி, வாடகை வீடு, ஒப்பந்த வேலை என்று பல குடும்பங்கள் இந்தப் பேட்டையை நம்பி நிற்கின்றன. அதேநேரம், கிணறும் போரும் கெட்டுப்போனது, குடிக்கிற தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை வந்தது, உப்பனாற்றில் மீன் குறைந்தது என்பவை கால் நூற்றாண்டாக இந்த மக்கள் சொல்லிவரும் புகார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுவதும் தொழில் பகுதிகளை அளந்து, கடுமையாக மாசுபட்டவை என 43 இடங்களைப் பட்டியலிட்டது. கடலூர் அதில் ஒன்று. நூற்றுக்கு 77.45 என்று மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் அந்த மதிப்பெண் வாங்கினால் மகிழ்ச்சி. இந்தப் பட்டியலில் மதிப்பெண் கூடினால் மாசு கூடியிருக்கிறது என்று பொருள்.

வாளியில் பிடித்த காற்று

ஹெப்ரிடீஸ் வழிகாட்டி, மேகத்தைப் பார்த்தே மழை வரும் நேரத்தைச் சொல்வார் என்பார்கள். சிப்காட் ஊர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் நெடியை வைத்துச் சொல்வார்கள்.

2004-ல் இந்தக் கிராமத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து, சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழுவாக இயங்கத் தொடங்கினார்கள். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, என்ன நெடி, கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று நோட்டில் எழுதினார்கள். அழுகிய முட்டை நாற்றமா, அழுகிய முட்டைகோஸ் நாற்றமா, நெயில் பாலிஷ் வாடையா, பிணவாடையா என்று பிரித்துக் குறித்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நோட்டோடு நிற்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் காற்று பிடிக்கும் தனிவகைப் பை, காற்றை உள்ளே இழுக்க ஒரு சின்னக் கருவி. நெடி வருகிற நேரத்தில் அந்தப் பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 1990-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காகப் பிறந்த முறை இது. ஆய்வில் வந்த ரசாயனப் பெயர்கள், 'சும்மா நாறுகிறது என்கிறார்கள்' என்று தட்டிக்கழிக்க முடியாத ஆதாரமாயின. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், வழக்குகள் நடந்தன. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால், எழுதிவைத்த நோட்டுக்கு இருக்கிற பலம், வாயால் சொல்லும் புகாருக்கு இல்லை என்பது இங்கே நிரூபணமானது.

சைக்கிளில் போகிறவர் இந்த 6, 7 கிலோமீட்டரை வேகமாகக் கடக்கத்தான் நினைப்பார். கொஞ்சம் நிதானித்து, குடிகாட்டுப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். மூக்கு ஏற்கெனவே பழகிவிட்டதா, பழகவில்லையா என்பது அப்போது தெரியும். நாற்றம் தெரியாமல் போவது நாற்றம் போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகுந்தால் முகரும் திறனையே மழுங்கடித்துவிடும்.

மணல்மேடு என்னும் தண்ணீர்த் தொட்டி

ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், ரயில் பாதையையும் உப்பனாற்றையும் கடந்து திருச்சோபுரம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். அதையொட்டித் தியாகவல்லி, நொச்சிக்காடு, நஞ்சலிங்கம்பேட்டை, சித்திரைப்பேட்டை. ஒரு பக்கம் உப்பனாற்று உவர்நீர். இன்னொரு பக்கம் வங்கக் கடல். நடுவே மணல். அந்த மணலில் முந்திரி, தென்னை, சவுக்கு, மல்லாட்டை, காய்கறி. இரண்டு பக்கமும் உப்பு இருக்கும்போது நடுவில் நல்ல தண்ணீர் எப்படி?

கடல் நீர் கனமானது, மழைநீர் லேசானது. மணல்மேட்டில் பெய்கிற மழை உள்ளே இறங்கி, உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இது உலகம் முழுவதும் நீரியலாளர்கள் ஏற்கும் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறப் பார்க்கும். ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது உள்நாட்டுக்குப் பொருந்தலாம். கடலோர மணலில் ஆழம் போகப் போக உப்புக்குத்தான் வழி திறக்கும். ஆழம் குறைந்த, அகலமான கிணறே இங்கே பாதுகாப்பு. முன்னோர் கையால் தோண்டி, குடத்தால் முகந்து ஊற்றியதில் இந்தக் கணக்கு அடங்கியிருந்தது.

மணல்மேட்டை வெட்டி லாரியில் ஏற்றினால் போவது மணல் மட்டுமல்ல. மழைநீரைத் தேக்கிய தொட்டியும் சேர்ந்து போகிறது. மணல்மேட்டைச் சமப்படுத்தி ஆலை கட்டினாலும் அப்படியே. தியாகவல்லியைச் சுற்றியுள்ள பகுதியில் தொழிற்பேட்டையின் அடுத்த கட்டத்துக்கும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும், அனல்மின் திட்டங்களுக்கும் நிலம் எடுக்கப்பட்டபோது விவசாயிகள் எழுப்பிய கேள்வி இதுதான். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் இந்தக் கரையைத்தான் அடித்து நொறுக்கியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கட்டுமானத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலையும் அந்தப் புயலுக்குத் தப்பவில்லை. இரும்பானாலும் முந்திரியானாலும், கடலோரத்தில் காற்றுக்குக் கணக்கு ஒன்றே.

இந்த ஊர்களுக்கும், இதுபோன்ற எந்தக் கடலோர ஊருக்கும் பொருந்தும் ஒரு வேலை: ஆண்டுக்கு இருமுறை, சித்திரையில் ஒன்றும் தை மாதத்தில் ஒன்றுமாகக் கிணற்று நீரைப் பரிசோதிப்பது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு, மூன்று முறை அலசி, 1 லிட்டர் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மின்கடத்தும் திறன் என்ற அளவு 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை என்றால் பயிரைப் பார்த்து, வடிகால் வைத்துப் பாய்ச்ச வேண்டும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. ஆண்டுதோறும் இந்த எண்ணை ஒரே நோட்டில் எழுதிவந்தால், உப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்று நினைவில் இருக்கட்டும். இந்தப் பரிசோதனை உப்பை மட்டும்தான் காட்டும். ஆலைக்கழிவில் வரும் உலோகங்களையும் ரசாயனங்களையும் காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் ஒரு ராத்திரி

தெற்கே பெரியகுப்பம், ஐயம்பேட்டை, சாமியார்பேட்டை, வேளங்கிராயன்பேட்டை, புதுக்குப்பம் என்று குப்பங்கள் வரிசையாக வருகின்றன. சில இடங்களில் தார்ச்சாலை. சில இடங்களில் மணல். மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் வெயில் தணிந்துவிடும். காற்று ஊசியிலையில் புகுந்து மழை பெய்வதுபோல் இரையும்.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தத் தோப்புகள் சும்மா நிற்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு இந்தக் கரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2005-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த ஊர்களிலும், அடர்ந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலும் சேதம் குறைவு. காட்டுக்கு வெளியே, முகத்துவாரத்தில் நின்ற ஊர்கள் அழிந்தன. மரத்தின் விலையை டன் கணக்கில் மட்டுமே போடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் நாள் முடிவில் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் இதற்குப் 'புதிய துறைமுகம்' என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்று பெயர் வைத்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே பெரும் சண்டை நடந்தது. 1830-களில் இங்கே ஓர் இரும்பாலை ஓடியது. சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து, மரக்கரியில் உருக்கினார்கள். கரிக்காகக் காடுகள் தீர்ந்ததும் அந்தத் தொழில் நொடிந்தது. சிப்காட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கரை ஒரு தொழிலைப் பார்த்து, அதன் முடிவையும் பார்த்திருக்கிறது. இன்று ஊரின் பெருமை, வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் ஆய்வு மையம்.

சுரபுன்னைக்குள்ளே

வெள்ளாற்றைத் தாண்டினால் கிள்ளை. அங்கிருந்து பிச்சாவரம் எட்டிப்பிடிக்கும் தூரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 1,100 ஹெக்டேர் அளவில் அலையாத்திக் காடு. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள். 2022-ல் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகில் ஏறலாம். சுரபுன்னையின் வேர்கள் வளைவு வளைவாகத் தண்ணீரில் இறங்கி நிற்கும். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்போல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இந்தக் குடும்பத்துக் காட்டில்தான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒடித்துப் பார்க்க வேண்டாம்.

இந்தக் காடு தானாக இப்படி நிற்கவில்லை. ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் பள்ளமானது, பள்ளத்தில் நீர் தேங்கியது, வெயிலில் அது காய்ந்து காய்ந்து உப்பு மிகுந்தது, செடி முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். மீன்முள் வடிவத்தில், நடுவில் ஒரு வாய்க்காலும் பக்கவாட்டில் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது கடல் நீர் உள்ளே வந்தது. வற்றும்போது தேங்கிய உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு நட்ட கன்று பிழைத்தது. உவர் நிலத்தில் வடிகால் வெட்டி, மழைநீரைக் கட்டி, உப்பை அலசி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிற விவசாயிக்கு இது புதிய பாடம் அல்ல. நீர் நடமாடினால் உப்பு கரையும். நீர் நின்றால் உப்பு பூக்கும்.

இந்தக் காட்டுக்கால்வாயில் இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் கிள்ளையைச் சுற்றி வாழ்கின்றன. காடு இருந்தால்தான் குஞ்சு; குஞ்சு இருந்தால்தான் இறால். 1990-களில் இதே பகுதியில் வயலையும் உப்பங்கழியையும் வெட்டி இறால் பண்ணைகள் கிளம்பின. பக்கத்து வயலும் கிணறும் உவர்த்தன. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னால் 2005-ல் வந்த தனிச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகளுக்கு நிபந்தனைகளோடு வழி செய்தது. வயலுக்குப் பக்கத்தில் பண்ணை வந்தால் பதிவு இருக்கிறதா என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.

மலையை விற்காத தீவு

ஹெப்ரிடீஸில் ஹாரிஸ் என்று ஒரு தீவு. அதன் தெற்கே ஒரு மலை. 1990-களின் தொடக்கத்தில், அந்த மலையை வெட்டிக் கடல்வழியே ஜல்லி ஏற்றுமதி செய்ய ஒரு திட்டம் வந்தது. இளைஞர்கள் வேலை தேடித் தீவைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். வேலை வரும் என்று முதலில் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். பொது விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. தூசி, கப்பல் எண்ணெய், மீன், ஆடு மேயும் நிலம் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி எழுந்தது. 1995-ல் மறுபடி கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். 2000-ல் அரசு அனுமதி மறுத்தது. 2004-ல் திட்டம் முற்றிலும் கைவிடப்பட்டது. இன்று சைக்கிள்காரர்கள் படகிலிருந்து ஹாரிஸில் இறங்கும்போது அந்த மலை முழுசாக நிற்கிறது.

அந்த மக்களால் அப்படி முடிவெடுக்க முடிந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பண்ணையார்கள் ஆட்டு மந்தைக்காகக் குடியானவர்களை விரட்டினார்கள். எதிர்த்துப் போராடியதன் பலனாக 1886-ல் ஒரு சட்டம் வந்தது. சிறு குத்தகை விவசாயியை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. குத்தகை நியாயமாக இருக்க வேண்டும். உரிமை வாரிசுக்குப் போகும். நம் பக்கத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டங்களை நினைவுபடுத்தும் சட்டம். நூறு ஆண்டு கழித்து இன்னொரு படி ஏறினார்கள். 1997-ல் எய்க் என்ற சிறு தீவையும், 2003-ல் வடக்கு ஹாரிஸையும், 2006-ல் தெற்கு யூயிஸ்டையும் அங்கே வாழும் மக்களே கூட்டாகச் சேர்ந்து பண்ணையார்களிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்கு 1993-ல் தனிச் சட்டமே உண்டு. அந்தத் தீவுகளில், நெசவாளர் தம் வீட்டில், கையால் நெய்ததுதான் அந்தப் பெயரில் விற்கலாம்.

ஆக, சைக்கிளில் வரும் விருந்தாளி கொடுக்கிற காசு முட்டைக்காரம்மாவுக்கும் நெசவாளருக்கும் போய்ச் சேர்கிறது. நிலமும் பெயரும் அவர்கள் கையில் இருப்பதால்தான் இது நடக்கிறது.

இங்கே வந்தால் யாருக்கு லாபம்?

கடலூர்–பிச்சாவரம் கரையிலும் இது நடக்கலாம். புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் சைக்கிளில் வந்தால் போதும். தியாகவல்லிப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் இளநீரும் அவித்த மல்லாட்டையும். சாமியார்பேட்டையில் மகளிர் குழு சமைக்கும் மீன் குழம்பு. பரங்கிப்பேட்டையில் சுத்தமான ஒரு அறை, கழிப்பறை, கொசுவலை. கிள்ளையில் காட்டைத் தெரிந்த இருளர் ஒருவர் வழிகாட்டி. வழியெங்கும் பஞ்சர் கடை இருக்கவே இருக்கிறது.

ஆனால், விருந்தாளி முதலில் கேட்பது தண்ணீர். எங்கே குடிக்கலாம், எங்கே குளிக்கலாம், இந்த மீன் எந்த ஆற்று மீன், இந்தக் கத்தரிக்காய் எந்தக் கிணற்றில் விளைந்தது? பதில் சொல்லத் தெரிந்த ஊருக்குத்தான் விருந்தாளி வருவார். அந்தப் பதில் சொந்தப் பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிற பதில். சிப்காட் ஊர் மக்கள் நெடியை எழுதிவைத்ததுபோல, தெற்கே இருக்கிற ஒவ்வொரு ஊரும் தன் கிணற்றின் உப்பை எழுதிவைக்கலாம். கிராம சபையில் படிக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களிலும் கிராம சபை உண்டு. நாளைக்கு ஒரு திட்டத்துக்காக நிலம் கேட்டு யாராவது வந்தால், 'எங்கள் தண்ணீர் இந்த ஆண்டு வரை இப்படி இருந்தது' என்று காட்ட ஒரு நோட்டு இருக்கும். குடிகாட்டுக்காரர்களுக்கு ஆலை வருவதற்கு முன் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், அவர்கள் வழக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு...

* காலம்: தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வாடைக்காற்று வடக்கேயிருந்து வருவதால், கடலூரில் தொடங்கித் தெற்கே போனால் காற்று முதுகில் தள்ளும். ஹெப்ரிடீஸில் தென்மேற்குக் காற்று என்பதால் தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள், கணக்கு ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம்.
* பாதை: கடலூர் முதுநகர், பச்சையாங்குப்பம், குடிகாடு, ஆலப்பாக்கம், திருச்சோபுரம், தியாகவல்லி, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம், சிதம்பரம். களைத்துப்போனால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய இடங்களில் ரயில் நிலையம் உண்டு.
* கவனம்: சிப்காட் பகுதியில் லாரி அதிகம், விடியற்காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. குடிநீரை முதுநகரிலேயே நிரப்பிக்கொள்ளவும்.
* சாப்பாடு: பரங்கிப்பேட்டையில் மீன். சிதம்பரத்தில் இட்லியோடு கத்தரிக்காய் கொத்சு.
* கையில்: பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, தொப்பி, ஒரு நோட்டு, ஒரு காலி பாட்டில். வழியில் யார் கிணற்றிலாவது தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால், முடிவை அந்தக் கிணற்றுக்காரருக்கும் மறக்காமல் அனுப்பி வைக்கவும்.